காளி நதியை வாளியில் பார்த்த சில்வெஸ்டர்

அல்சூரில் எங்கள் சந்தில் இருந்தவர்களில் ஆற்றைப் பற்றிப் பேசக்கூடியவர் சில்வெஸ்டர் ஒருவர்தான். மற்றவர்களுக்கு ஏரி போதும். ஏரி எங்கேயும் போகாது. காலையில் பார்த்த இடத்தில் சாயங்காலமும் இருக்கும். ஆறு அப்படிப்பட்டதில்லை என்று கேள்விப்பட்டிருந்தோம், அவ்வளவுதான்.

சில்வெஸ்டர் சமையல்காரர். ஆறடி உயரம். எங்கள் சந்து வீடுகளுக்குள் வரும்போது முதலில் தலை வரும், பிறகு முதுகு வரும், கடைசியாகத்தான் ஆள் நிமிர்வார். குரல் மட்டும் மெல்லியது. பால் பொங்குவதற்கு முன்னால் வருமே, அந்தச் சத்தம் மாதிரி. பட்டாளத்து ஆபீசர்கள் மெஸ்ஸில் உருளைக்கிழங்கு தோல் சீவுகிறவராகச் சேர்ந்து, நாற்பத்தேழில் வெள்ளைக்காரர்கள் கப்பலேறும்போது சூப்பும் ரோஸ்ட்டும் கஸ்டர்டும் செய்யத் தேர்ந்திருந்தார். அவர்கள் போன பிறகு அவருடைய சூப்பைக் குடிக்க ஆள் இல்லை. அதற்காக அழுதுகொண்டு உட்காரவில்லை, சாம்பார் கற்றுக்கொண்டார். புளியோதரை கற்றுக்கொண்டார். பத்து வருஷத்தில் மாத்வ பிராமணர்களே கேட்டுச் சாப்பிடுகிற அளவுக்குக் கை பழகிவிட்டது.

வடக்கே இருந்த காட்டு ஜில்லா மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம், அங்கே ஓடுகிற காளி நதியை அளந்து வர ஒரு குழுவை அனுப்பினார்கள். எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது, மின்சாரம் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். குழுவுக்குப் பெரியவர் சேஷகிரி என்ற இஞ்சினீயர். அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு. மதியம் ஒரு மணிக்குச் சூடான சோறும் ரசமும் இல்லையென்றால் ஆற்றையும் அளக்க மாட்டார், ஒன்றையும் அளக்க மாட்டார். யாரோ சில்வெஸ்டர் பேரைச் சொன்னார்கள். அவர் தன் பாத்திரங்களோடு ஹூப்ளி ரயில் ஏறிவிட்டார்.

டிசம்பரில் போனால் மே மாதக் கடைசியில் வருவார். மழைக்காலம் முழுவதும் சந்தில்தான். அந்த மாதங்களில் எங்களுக்குக் காளி நதிதான் பொழுதுபோக்கு.

எதிர்வீட்டு லட்சுமம்மாவின் படியில் உட்கார்ந்துகொண்டு ஆரம்பிப்பார். நான் முறத்தில் அரிசி வைத்துக்கொண்டு கல் பொறுக்குவேன். கல்லே இல்லாத அரிசியிலும் பொறுக்கியிருக்கிறேன்.

"மொதல்ல கார்வார், கடலோரம். அங்க ஆறு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நம்ம பெரேடு மைதானம் மாதிரி இருக்கும். அப்புறம் உள்ள போவுது. போவப் போவ ரெண்டு பக்கமும் மலை கிட்ட வந்துரும். ஒரு எடத்துல பாரு, மலை ரெண்டும் மூஞ்சோட மூஞ்சி வெச்சிக்கினு நிக்கும். ஆறு நடுவுல ஒடம்ப ஒடுக்கிக்கினு ஏறும். நுரைன்னா நுரை, முட்டை வெள்ளைக்கருவ அடிச்சா வருமே அந்த நுரை. அதைத் தாண்டினா தாண்டேலி, தேக்குக் காடு. அப்புறம் சூபா. அங்க போயி ரெண்டாப் பிரிஞ்சி மலைக்குள்ள பூந்து முடிஞ்சிரும்."

"தண்ணி எப்டிப்பா இருக்கும்?"

"கண்ணாடி. பக்கெட்டுக்கு அடியில ஒரு மொளகு கெடந்தா தெரியும்."

லட்சுமம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம் வந்தது. அவள் அம்மா ஊர் காவிரிக் கரைப் பக்கம்.

"காவேரி கடலுக்கில்ல போவுது? உன் ஆறு கடல்லருந்து கெளம்புதா?"

"அது தெக்கத்தி ஆறுக்கா," என்றார் சில்வெஸ்டர். "இது வடக்கத்தி ஆறு."

அந்தப் பதில் எங்கள் எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஆறாம் வகுப்பில் ஒருவேளை ஆறுகள் வந்திருக்கலாம். மேலும் அவர் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறார். நாங்கள் ஏரியைத் தவிர எதைப் பார்த்தோம்?

இந்தக் கதைகளை எங்களைவிடக் கவனமாகக் கேட்டவள் ஒருத்தி இருந்தாள். எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இருந்த பவுலின். பஜாரில் ஒரு தையல் கடையில் பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காஜா எடுப்பாள். வேலை முடிந்து வந்து ஜன்னலில் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். ஆனால் சில்வெஸ்டர் அந்த ஜன்னல் பக்கம் பார்க்காமலேயே அந்த ஜன்னலுக்காகத்தான் பேசுகிறார் என்பது சந்துக்கே தெரியும். அவள் நிற்காத நாளில் ஆறு, மலை தொடங்குகிற கத்ராவைத் தாண்டாது. அவள் நின்றால் சூபா வரைக்கும் போகும், கூடவே ஒரு சிறுத்தையும் வரும்.

பவுலினுடைய அம்மா பிரிஜெட்டுக்கு இதில் சம்மதம்தான். சில்வெஸ்டர் கொண்டுவந்து கொடுத்த கஸ்டர்டைச் சாப்பிட்ட நாளிலிருந்து சம்மதம். ஆனால் அவள் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸ் பட்டாளத்தில் இருந்தார். சாப்பர் பட்டாளம், ஆறுகள் மேல் பாலம் கட்டுவது, உடைப்பது, மறுபடி கட்டுவது அவர் வேலை. ஐம்பத்தொன்பதில் அவில்தாராகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். வந்த இரண்டாம் மாதம் பிரிஜெட் கல்யாணப் பேச்சை எடுத்தாள். நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பிறகு சில்வெஸ்டரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள்.

சுவருக்கு இந்தப் பக்கம் நானும் லட்சுமம்மாவும் இருந்தோம். சுவர் மெல்லிசு.

ஆம்ப்ரோஸ் பென்ஷன் வாங்கிய பிறகும் தினமும் பூட்சுக்குப் பாலிஷ் போடுவார். அன்றைக்கும் பிரஷ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "ஏதோ ஆத்து வேலைன்னு சொன்னாங்க. எந்த ஆறு?" என்றார்.

சில்வெஸ்டருக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்குமா? கார்வாரில் தொடங்கினார். மலைகள் மூஞ்சியோடு மூஞ்சி வைத்து நிற்கிற இடம் வந்தது. முட்டை நுரை வந்தது. பிரஷ் சத்தம் நின்றது.

"இரு. தண்ணி எந்தப் பக்கம் போவுது?"

"மேலங்க. கடல்லருந்து காட்டுக்கு."

லட்சுமம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருபத்திரண்டு வருசம் தண்ணி மேல பாலம் போட்டவன்," என்றார் ஆம்ப்ரோஸ். சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "மலை ஏறுற ஆத்த நான் பாத்ததில்ல. நீ அங்க போவவே இல்ல தம்பி. ஹூப்ளி டேசன்ல எதுனா ஓட்டல்ல இருந்துட்டு வந்து இங்க கதை உடறே."

"இல்லீங்க, சத்தியமா போனேன். கார்வார்ல என் கண்ணால பாத்தேன், காலையில தண்ணி உள்ளதான்..."

"சரி, எழுந்திரு. ஞானசேகரன்னு ஒரு பையன், பேங்கில வேலை, அவங்க வீட்ல கேட்டுக்கினே கீறாங்க. ஈஸ்டர் கழிச்சி சொல்றேன்னேன். ஈஸ்டருக்கு முன்னாடி சொன்னா இன்னும் நல்லது."

சில்வெஸ்டர் வெளியே வரும்போது குனிய மறந்து நிலையில் நெற்றியை இடித்துக்கொண்டார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டே ஜன்னலருகே நின்றார். பவுலின் முதல் தடவையாக அவரிடம் பேசியது அப்போதுதான்.

"நீங்க சொன்னதெல்லாம் பாத்ததா, கேட்டதா?"

அவர் பொய் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்து, "கார்வாரு பாத்தது. மத்ததுல முக்காவாசி கேட்டது," என்றார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் இன்னாத்த கேட்டுக்கினு நின்னேன்?"

அவர் நெற்றியிலிருந்து கையை எடுத்தார்.

"ஈஸ்டர் வரைக்கும் அப்பாவ நான் பாத்துக்கறேன். போய் ஆத்த பாத்துட்டு வாங்க."

ஆற்றுக் குழுவில் இரண்டு வருஷம் இருந்த ஒருவர் ஆற்றைப் பார்க்காமல் எப்படி இருக்க முடியும் என்று கேட்பீர்கள். சமையல்காரராக இருந்தால் முடியும். அந்தக் குழு வேலை செய்த முறை அப்படி. இஞ்சினீயர்களும் அளவுச் சங்கிலி பிடிக்கிறவர்களும் விடியற்காலையில் கிளம்பி ஆற்றோரமாகவே புதரையும் பாறையையும் தாண்டி அளந்துகொண்டு போவார்கள். சமையல் சாமான் அந்த வழியில் போக முடியாது. அது மாட்டு வண்டியில் ஏறி, காட்டு இலாகா ரோட்டில் மலையைச் சுற்றிக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போகும். ஒரு மணிக்கு அவர்கள் வந்து சேரும்போது சோறு தயாராக இருக்க வேண்டும். எட்டு முகாம்கள். ஒவ்வொரு முகாமிலும் சில்வெஸ்டர் ஆற்றுக்குப் போவது வாளியில் தண்ணீர் மொள்ள மட்டும்தான். மொள்ளும்போது வாளியைப் பார்ப்பாரே தவிர ஆற்றைப் பார்க்க மாட்டார்; அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். மலை இடுக்கும் நுரையும் சிறுத்தையும் அவருக்கு வந்தது சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் நின்று பரிமாறும்போது.

திசை தப்பியதற்கும் காரணம் உண்டு. உயரத்தை அளப்பவர்களுக்குக் கடல்மட்டம்தான் பூஜ்யம். அதனால் கார்வாரில் கடலோரத்திலிருந்து தொடங்கி மேலே போவார்கள். தகரப் பெட்டிகளில் 'முகாம் 1' என்று எழுதியது கார்வார், 'முகாம் 8' என்று எழுதியது சூபா. ஒன்றிலிருந்து எட்டுக்குப் போகிற மனிதருக்கு ஆறும் ஒன்றிலிருந்து எட்டுக்குத்தானே போக வேண்டும்? பிறந்ததிலிருந்து அல்சூர் ஏரியையே பார்த்தவர், வாழ்க்கையில் முதல் முதலாக ஓர் ஆற்றைப் பார்த்தது கார்வாரில் ஒரு காலை நேரம். அப்போது தண்ணீர் உண்மையிலேயே கடலிலிருந்து உள்ளே போய்க்கொண்டிருந்தது. அதன் பிறகு ஏழு இடத்தில் வாளி மொண்டார். நான்கு இடத்தில் தண்ணீர் இடது பக்கம் போயிற்று, மூன்று இடத்தில் வலது பக்கம் போயிற்று. முகாம் எந்தக் கரையில் என்று யார் யோசிப்பது?

மூன்றாவது வருஷம் நல்ல காலமாக வேலை மாறியிருந்தது. நட்டு வைத்த அளவுக் கற்களெல்லாம் இடத்தில் இருக்கின்றனவா என்று சூபாவிலிருந்து கடல் வரைக்கும் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். சேஷகிரியும் சங்கிலி பிடிக்கிற கிருஷ்ணப்பாவும் கிளம்புவதாக ஏற்பாடு. மார்ச் முதல் வாரம். சில்வெஸ்டர் போய் எதிரில் நின்றார்.

"சார், நானும் கூட வரேன். ஆத்த பாக்கணும்."

"ஏனப்பா, மூணு வருஷமா என்ன பார்த்தே?"

"பக்கெட்டு சார்."

சேஷகிரி சிரித்தார். பிறகு மணி ஒன்று என்பது ஞாபகம் வந்தது, சிரிப்பு நின்றது. "நீ என்கூட நடந்தா மத்தியானம் ஊட்டா யார் பண்ணுவாங்க?"

"விடியறதுக்குள்ள வடிச்சி தூக்குச் சட்டியில போட்டு, கம்பளி சுத்தி, வைக்கோல் கூடையில வெச்சிருவேன் சார். ஒரு மணிக்குத் தொறந்தா ஆவி வரும். வரலன்னா என்னை வண்டிக்கே அனுப்பிருங்க."

"எதுக்கப்பா இவ்வளவு அவசரமா ஆறு பார்க்கணும்?"

"பொண்ணு கேட்டிருக்குது சார்."

சேஷகிரி அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. புளியோதரைக்குப் புளி இருப்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

சூபாவில் முதல் நாள் காலை சில்வெஸ்டர் ஆற்றங்கரைக்கு வாளி இல்லாமல் போனார். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை என்பார். இரண்டு மலைகளுக்கு நடுவே இரண்டு சிற்றாறுகள் வந்து சேர்ந்தன; பிரியவில்லை, சேர்ந்தன. பாக்கெட்டிலிருந்து ஒரு வெங்காயச் சருகை எடுத்துத் தண்ணீரில் போட்டார். அது ஒரு கூழாங்கல்லைச் சுற்றி, கொஞ்சம் தயங்கி, எட்டாவது முகாமிலிருந்து ஏழாவது முகாமை நோக்கிக் கிளம்பியது. ஆம்ப்ரோஸ் சொன்னது சரி. நெற்றி மறுபடி வலிப்பது போல இருந்ததாம்.

இன்னொரு விஷயமும் அன்றைக்கே தெரிந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இல்லை. அடியில் கிடந்த பாறையெல்லாம் கறுப்பு, மேலே கவிந்த மரமெல்லாம் இருட்டு. ஆறு பால் விடாத டிக்காஷன் மாதிரி கறுப்பாகப் போயிற்று. வாளியில் மொண்டால் வெள்ளை, ஆற்றில் பார்த்தால் கறுப்பு. மூன்று வருஷமாக மொண்டவருக்கே தெரியவில்லை.

அங்கிருந்து இரண்டு நாள் மூங்கில் காடு. மூங்கில் இரு கரையிலிருந்தும் சாய்ந்து தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆறு ஓரிடத்தில் பாறைகள் மேல் தடதடவென்று இறங்கும். அடுத்த வளைவில் ஒன்றுமே நடக்காதது போல நிற்கும். மூக்கு மேல் மூக்கு வைத்தது போன்ற ஒரு பெரிய பறவை தலைக்கு மேலே பறந்தது. அதன் சிறகுச் சத்தத்தைக் கேட்டு ரயில் என்ஜின் வருகிறது என்று சில்வெஸ்டர் ஒதுங்கி நின்றார். பூனை அளவு அணில் ஒன்று மரத்தின் உச்சியிலிருந்து அவரையே பார்த்தது. சந்தில் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று அதை மட்டும் பல நாள் சொல்லாமல் வைத்திருந்தார்.

தாண்டேலிப் பக்கம் ஆறு அகலமாகி, சோம்பலாகி, வெயிலில் படுத்துக்கொண்டது. கரையில் வெட்டிப் போட்ட தேக்குக் கட்டைகள். தண்ணீர் ஓரத்தில் முதலைகள். எது கட்டை எது முதலை என்று தூரத்திலிருந்து தெரியாது. கிருஷ்ணப்பா உட்காருவதற்கு முன்னால் நீளக் குச்சியால் ஒரு தட்டு தட்டுவார். "தேக்குதான், உக்காரு," என்பார். ஒருதடவை தட்டியபோது கட்டை கண்ணைத் திறந்தது. அன்றைக்கு மூன்று பேரும் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். ஆவி வந்தது, சேஷகிரிக்குக் குறையில்லை.

அதற்குப் பிறகுதான் மலை இடுக்கு. மேஜைக்குப் பின்னால் நின்று கேட்டபோது அவர் மனதில் கட்டி வைத்திருந்த மலைகள் பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டைக்கு நிற்பது போன்றவை. நிஜ மலைகள் அப்படியெல்லாம் ஒன்றும் நிற்கவில்லை. அவை ஆற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆறுதான் குரலெழுப்பிக்கொண்டு, படிப்படியாக விழுந்து, கறுப்பு உடம்பு முழுவதும் வெள்ளையாகிப் போய்க்கொண்டிருந்தது. காலை பத்து மணி வரை வெயில் உள்ளே வராது. பேசினால் கேட்காது, கையால்தான் பேச வேண்டும். பாசி பிடித்த பாறைகளில் ஆறடி மனிதர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நாலு காலால் இறங்கினார்.

மூன்றாவது பாறையில் கூடை போய்விட்டது.

போனது நேரே தண்ணீரில். மூங்கில் கூடை, வைக்கோல், கம்பளி, நடுவில் தூக்கு நிறையப் புளியோதரை. மூழ்கவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, கலெக்டர் ஜீப்பில் போவது போலப் போயிற்று.

"நம்ம புளியோகரே போகுதப்பா," என்று சேஷகிரி கத்தியது அந்தச் சத்தத்திலும் கேட்டது.

மூன்று பேரும் கரையோரமாக ஓடினார்கள். கூடை ஒரு மடுவில் போய் மூன்று சுற்று சுற்றி நின்றது. கிருஷ்ணப்பா குச்சியை நீட்டினார். குச்சி தொடுகிற நேரத்தில் ஆறு கூடையை மெதுவாக எடுத்து அடுத்த படியில் போட்டது. நுரைக்குள் காணாமல் போயிற்று; போனது போனது என்று தலையில் கை வைத்தபோது முப்பது அடி தள்ளி எழுந்தது. வளைவுக்கு வளைவு இப்படியே. இவர்கள் மூச்சிரைத்துப் போய் நின்றால் அது எங்காவது வேரில் சிக்கிக் காத்திருக்கும். கிட்டே போனால் கிளம்பிவிடும். எந்த இடத்தில் ஆறு ஆழம், எந்த இடத்தில் பொய்யாக அமைதி, எந்தப் பாறைக்கு எந்தப் பக்கம் சுற்றிப் போகும் என்பதெல்லாம் சில்வெஸ்டருக்குத் தெரிந்தது அந்த ஒன்றரை மைலில்தான். தன் சமையலை இவ்வளவு கவனமாக அவர் வேறெப்போதும் பார்த்ததில்லை.

கடைசியில் ஓர் அருவி. கூடை அதன் விளிம்பில் ஒரு கணம் நின்று எட்டிப் பார்த்துவிட்டு விழுந்தது. பிறகு எழவில்லை.

மணி ஒன்று. சேஷகிரி ஒரு பாறை மேல் உட்கார்ந்தார். சில்வெஸ்டர் வண்டிக்குத் திரும்ப வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு எதிரில் நின்றார். சேஷகிரி வெகுநேரம் அருவியைப் பார்த்தார். "உப்பு சரியா போட்டிருந்தியா?" என்றார்.

"போட்டிருந்தேன் சார்."

"பாவம், மீனுக்காவது பிடிக்கட்டும்." அன்று மலைச்சரிவில் ஒரு குடியானவர் வீட்டில் கஞ்சி கிடைத்தது. வயிற்றுக் கோளாறுக்காரர் இரண்டு கிண்ணம் குடித்தார், ஒன்றும் ஆகவில்லை.

கத்ராவுக்கு வந்ததும் ஆறு அடங்கிவிட்டது. மலைகள் விலகி உட்கார்ந்தன. தென்னை மரம் வந்தது, படகு வந்தது, துணி துவைக்கிற பெண்கள் வந்தார்கள். இன்னும் மூன்று நாள் நடந்து கார்வார் சேர்ந்தபோது சில்வெஸ்டர் மனதுக்குள் ஆம்ப்ரோஸுக்குச் சொல்ல வேண்டிய பதிலை ஒழுங்காக அடுக்கி வைத்திருந்தார். மேலேயிருந்து கீழே. காட்டிலிருந்து கடலுக்கு. சந்தேகமே இல்லை.

மறுநாள் காலை எழுந்து கடைசியாக ஒரு வெங்காயச் சருகைப் போட்டார். அது கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காட்டை நோக்கிக் கிளம்பியது.

மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சேஷகிரி பல் தேய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்.

"சார், இது இன்னா சார் ஞாயம்? நூறு மைலு நடந்துட்டேன். இப்ப மறுபடியும் மேல போவுது. நான் அவில்தாராண்ட இன்னான்னு சொல்றது?"

சேஷகிரிக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சொன்னார்: "கடல் தள்ளுதப்பா. தினமும் ரெண்டு தடவை கடல் ஏறும், ரெண்டு தடவை இறங்கும். ஏறும்போது ஆத்தையும் கொஞ்ச தூரம் உள்ளே தள்ளிக்கிட்டுப் போகும். இங்கே மட்டும்தான். சும்மா உக்காந்து பாரு."

சும்மா உட்கார்ந்து பார்த்தார். அன்றைக்குச் சமையல் இல்லை; கார்வார் ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்வதாகச் சேஷகிரியே சொல்லிவிட்டார். சருகாகப் போட்டுக்கொண்டே இருந்தார். உள்ளே போனது; மெதுவாகப் போனது; பிறகு போட்ட சருகு போட்ட இடத்திலேயே நின்றது, அல்சூர் ஏரியில் நிற்கிற மாதிரி. அப்புறம் ஏதோ ஞாபகம் வந்தது போல நகர்ந்து கடலுக்குப் போயிற்று. வெயில் மண்டையைப் பிளந்தது. எழுந்திருக்க மனம் வரவில்லை என்பார்.

குருத்தோலை ஞாயிறு அன்று ஊர் வந்து சேர்ந்தார். நேரே ஆம்ப்ரோஸ் வீட்டுக்குத்தான் போனார். நாங்கள் சுவரருகே போய்ச் சேர்ந்தோம்.

பிரஷ் சத்தம். "சொல்லு. தண்ணி எந்தப் பக்கம்?"

"மேல காட்லருந்து கீழ கடலுக்குங்க. நீங்க சொன்னதுதான் கரெக்டு."

"அப்ப போன தபா சொன்னது பொய்யி."

"பொய்யி இல்லீங்க, தப்பு. கார்வார்ல நான் பாத்தது நெசம். அங்க காலையில கடல் தள்ளுது, தண்ணி உள்ளதான் போவுது. மத்தியானம் திரும்பிருது. ரெண்டையும் இப்ப உக்காந்து பாத்தேன். மொத தபா காலையில மட்டும் பாத்துட்டு, அதையே சூபா வரைக்கும் ஓட்டிக்கினு போயிட்டேன். நடுவுல சொன்னதெல்லாம் இஞ்சினீருங்க சாப்பிடறப்ப பேசிக்கினது. நான் பரிமாறிக்கினே கேட்டது."

பிரஷ் நின்றது.

"சண்டை நேரத்துல பர்மா அரக்கான்ல," என்றார் ஆம்ப்ரோஸ், "கடல் ஓரமா ஒரு படகுப் பாலம் போட்டோம். சாயங்காலம் கீழ் பக்கமா வளைஞ்சி நின்னுது. காலையில பாத்தா மேல் பக்கமா வளைஞ்சிருக்குது. ராத்திரி காவல்ல இருந்த ஆளு கவுத்த மாத்திக் கட்டிட்டான்னு மூணு நாளு குழி வெட்ட வெச்சோம்."

"யாரு வெட்ட வெச்சது?" இது பிரிஜெட்.

"நான்தான்."

"அப்பவும் அவன் கட்டலன்னுதான் சொல்லியிருப்பான்."

"சொன்னான்."

பிரிஜெட் டம்ளர் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆம்ப்ரோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த மலை இடுக்குல எத்தினி அடி அகலம் இருக்கும்? பாலம் போடலாமா?" என்று கேட்டார். சில்வெஸ்டர் கூடை போன கதையைச் சொன்னார். சிரிக்காமல் இருக்க ஆம்ப்ரோஸ் இருமினார். நாங்கள் முடிந்தது என்று நினைத்தோம்.

பவுலின் குரல் கேட்டது. "அப்பாக்கு சொல்லிட்டீங்க. மத்தவங்களுக்கு?"

"மத்தவங்களுக்கு இன்னா?"

"ரெண்டு வருசமா இந்தச் சந்து சனத்தையே நம்ப வெச்சிருக்கீங்க. நாளைக்கு எவனாவது ஒருத்தன் மேப்பு கொண்டாந்து காட்டினா எல்லாம் என்னைப் பாத்துத்தான் சிரிக்கும். வீடு வீடா சொன்னீங்க இல்ல, வீடு வீடா போயி மாத்தி சொல்லிட்டு வாங்க."

சில்வெஸ்டர் போனார். எங்கள் சந்தில் பத்தொன்பது வீடு. ஒவ்வொரு வீட்டிலும் குனிந்து நுழைந்து, நிமிர்ந்து, "காளி நதி மேலருந்து கீழ வருது. நான் சொன்னது தப்பு. தண்ணியும் வெள்ளை இல்ல, கறுப்பு," என்று சொன்னார். தேர்தலுக்கு ஓட்டுக் கேட்பது போல இருந்தது. எங்கள் வீட்டில் முதலில் சொன்னார். அம்மா, "எந்தப் பக்கம் போனா இன்னாபா, காபி குடி," என்றாள். லட்சுமம்மா மட்டும் விடவில்லை.

"நான்தான் அன்னிக்கே காவேரிய சொன்னேனே."

"சொன்னீங்கக்கா."

"வடக்கத்தி ஆறுன்னியே."

"தப்புக்கா."

"ஆனா எனக்கு நீ மொதல்ல சொன்னதுதான் நல்லாருந்துது. மலை ஏறிச்சே, அது." அவளும் காபி கொடுத்தாள். யாருமே கோபித்துக்கொள்ளவில்லை, அதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது. பத்தொன்பது வீட்டில் பதினோரு வீட்டில் காபி. கடைசி வீட்டில் படுத்திருந்த ஒரு பெரியவர், தான் எந்த ஆற்றைப் பற்றியும் கேட்டதே இல்லை என்றார். அவருக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் திரும்பி வரும்போது மணி நாலரை. பவுலின் ஜன்னலில் இல்லை. வாசலில் வந்து நின்றாள்.

"எல்லா வீடும் ஆச்சா?"

"ஆச்சு."

"நம்புனாங்களா?"

"பாதி பேரு. மீதி பேருக்குப் பழைய ஆறே போதுமாம்."

அவள் உள்ளே திரும்பினாள். "அப்பா, பூட்சு போதும். ஈஸ்டர் கழிச்சி மொத ஞாயித்துக்கெழமை கோயில்ல கல்யாண ஓலை படிக்கணும்னா இன்னிக்கே சாமியாராண்ட பேரு குடுக்கணும். அஞ்சு மணிக்கு ஆபீஸ் ரூமை மூடிருவாங்க."

"ஞானசேகரன் வீட்டுக்கு யாரு சொல்றது?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நீங்கதான் வாக்கு குடுத்தீங்க. போற வழிதானே, சொல்லிட்டுப் போங்க."

ஆம்ப்ரோஸ் பளபளக்கிற பூட்சைப் போட்டுக்கொண்டு கோயில் பக்கம் கிளம்பினார். சில்வெஸ்டர் கூடப் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றார். "நீங்களும் போங்க, உங்க பேரையும்தான் எழுதணும்," என்றாள் பவுலின். அவர் ஓடிப்போய் ஆம்ப்ரோஸுடன் சேர்ந்துகொண்டார். சந்து திரும்புகிற வரைக்கும் அவில்தார் ஏதோ கேட்டுக்கொண்டே போனார். இவர் இரண்டு கைகளையும் விரித்து அந்த இடுக்கின் அகலத்தைக் காட்டிக்கொண்டே போனார்.